பரணை அறையாக்கலாமா, மேல்மாடி எடுக்கலாமா, பக்கத்தில் ஓர் அறை இறக்கலாமா?

"தம்பி, ஓட்டுக்குக் கீழே அவ்வளவு இடம் சும்மாதானே கிடக்குது, அதில ஒரு அறை போட்டா என்ன?"

திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் பெரியம்மாவின் மகள் கேட்டது இது. இரண்டு அறை வீடு. மூத்தவள் உயர்தரம் படிக்கிறாள், இரவு பதினொரு மணிக்கும் சாப்பாட்டு மேசையில்தான் புத்தகத்தை விரித்து வைத்திருக்கிறாள், தம்பிமார் இரண்டு பேரும் அதே மேசையைச் சுற்றி ஓடுகிறார்கள். பிள்ளைக்கு மூடிக்கொள்ள ஒரு கதவு வேண்டும், அவ்வளவுதான். காணி 10 பேர்ச், அதற்குள் வீடு, கிணறு, மலக்குழி, ஒரு மாமரம்.

வீட்டுப் படம் வரைவதும் கட்டட வேலையை மேற்பார்வை செய்வதும் என் தொழில். பாலையூற்றிலிருந்து நிலாவெளி வரைக்கும் இதே கேள்வியோடு ஆட்கள் வருகிறார்கள், எல்லோரும் தொடங்குவது காசில்தான்: எது மலிவு? நான் காசைக் கடைசியில் வைக்கிறேன். மலிவாகக் கட்டி முடித்து, பிறகு ஒரு மனிதரும் தங்காமல் பழைய கட்டிலும் உடைந்த சைக்கிளும் அடுக்கிவைத்த அறைகளை இந்த ஊரில் நிறையப் பார்த்துவிட்டேன்.

## எதை வைத்து அளப்பது

முதலாவது வெக்கை. மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கும் காலத்தில் பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டுவது இங்கே புதினமில்லை. வெயிலில் காயும் கூரை அதைவிட எவ்வளவோ சூடாகும், அந்தச் சூடு கீழ்நோக்கி இறங்கும், கூரைக்கு மிக அருகில் இருப்பவருக்கு அதிகம் இறங்கும். கொழும்பிலோ கண்டியிலோ கட்டிய பரண் அறையின் படத்தைப் பார்த்து இங்கே கட்ட வெளிக்கிட்டால் முதலில் அடிபடுவது இந்த இடத்தில்தான்.

இரண்டாவது தலை உயரம். மூன்றாவது பாரம், அதாவது இருக்கிற சுவரும் அத்திவாரமும் கூடுதல் எடையைத் தாங்குமா என்பது. நான்காவது படிக்கட்டு, அது கீழே எவ்வளவு இடத்தைத் தின்னும் என்பது. ஐந்தாவது வாடை மழையும் கடல் உப்பும். ஆறாவது அனுமதி. இவை ஆறும் பார்த்த பிறகு காசு. இன்னொன்றும் உண்டு, அதை ஆட்கள் கேட்பதே இல்லை: இந்த அறை எத்தனை வருடத்துக்கு வேண்டும்? உயர்தரம் முடியும்வரை இரண்டு வருடத்துக்கா, அல்லது மகளுக்குக் கலியாணம் முடித்து அவள் குடும்பமாய் இருக்கவா? இரண்டுக்கும் ஒரே பதில் வராது.

## பரணை அறையாக்குவது

சுவரும் இருக்கிறது, கூரையும் இருக்கிறது, தளம் மட்டும் போட்டால் போதும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். நான் முதலில் அளவு நாடாவைக் கொடுத்து மேலே ஏறச் சொல்வேன். 24 அடி அகலமான வீடு, முகடு நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். தளத்துக்கு 8 அங்குல மரமும் ஓர் அங்குலப் பலகையும், மேலே சாய்வு சீலிங்குக்கு 3 அங்குலமும் என்று ஓர் அடி போய்விடும். மிச்சம் இப்படித்தான் வரும்:

| கூரைச் சாய்வு | முகட்டு உயரம் | ஓர் அடி போக நடுவில் | 5 அடிக்கு மேல் உயரம் உள்ள அகலம் |
|---|---|---|---|
| 27 பாகை | 6.1 அடி | 5.1 அடி | அரை அடிகூட இல்லை |
| 30 பாகை | 6.9 அடி | 5.9 அடி | 3 அடி |
| 35 பாகை | 8.4 அடி | 7.4 அடி | ஏறக்குறைய 7 அடி |
| 40 பாகை | 10 அடி | 9 அடி | ஏறக்குறைய 10 அடி |
| 45 பாகை | 12 அடி | 11 அடி | 12 அடி |

கடைசி நிரலில் 5 அடி என்பது குந்தியிருக்க, கட்டில் போட, மேசை போட. நிமிர்ந்து நடக்க ஆறரை அடி வேண்டும். 35 பாகைக் கூரையில் நிமிர்ந்து நடக்கக்கூடிய அகலம் இரண்டரை அடிதான், 40 பாகையில் 6 அடி. சுனாமிக்குப் பிறகும் போருக்குப் பிறகும் திட்டங்களில் கிடைத்த 500, 550 சதுர அடி வீடுகள் பெரும்பாலும் பதிந்த கூரை உள்ளவை, அகலமும் குறைவு. அவற்றில் பரண் அறை என்ற பேச்சை எடுக்கவே வேண்டாம். பழைய நாளில் கட்டிய, முகடு உயர்ந்த, பனைச் சலாகையும் முதிரை வளையும் போட்ட வீடு உங்களுடையது என்றால் தொடர்ந்து வாசியுங்கள்.

எங்கள் வீடு அப்படிப்பட்டது. அப்பா காலத்து வீடு, 40 பாகைக்குக் கிட்டிய கூரை. மகளுக்காகப் பரணை அறையாக்கினேன். தொழில் தெரிந்தவன் என்ற தைரியத்தில் இரண்டு விஷயங்களை விட்டுவிட்டேன், இரண்டும் பிறகு வந்து நின்றன.

ஒன்று, ஓட்டுக்குக் கீழே அலுமினியப் படலம் விரிக்காமல் சீலிங் அடித்தது. ஓடு ஒழுகவில்லைதான், ஆனால் ஓடு ஒழுகாமல் இருப்பது வேறு, ஓட்டு இடுக்கால் தூவானம் வராமல் இருப்பது வேறு. டிசம்பரில் வாடை பக்கவாட்டாக அடித்தபோது, காலையில் மகளின் கணக்குக் கொப்பியைத் திறந்தால் இரண்டு பக்கமும் ஈரத்தில் ஒட்டியிருந்தது, ஓரமெல்லாம் ஓட்டுத் தூள் செங்காவியாய்ப் படிந்திருந்தது. சீலிங் பலகையின் பொருத்துகளால் அந்தத் தூள் மாவு சலித்ததுபோல விழுந்துகொண்டேயிருந்தது. கோடையில் காய்ந்த தூள், மாரியில் நனைந்த தூள். கடைசியில் ஒரு பக்கக் கூரையின் ஓடு முழுவதையும் கழற்றி, கைமரத்துக்கு மேல் அலுமினியப் படலம் விரித்து, அதற்கு மேல் இடைவெளிக் கட்டை அடித்து, திரும்ப ஓடு வேய்ந்தோம். இதைத் தொடக்கத்திலேயே செய்திருந்தால் அரைவாசிச் செலவு. படலத்தின் மினுங்கும் பக்கத்துக்கு முன்னால் ஓர் அங்குலமாவது காற்றிடைவெளி இருந்தால்தான் அது சூட்டைத் திருப்பும், பலகையோடு ஒட்டி அடித்தால் அது வெறும் கடதாசி.

மற்றது பாரதூரமானது. பரணுக்குள் குறுக்கே ஓடும் விட்டங்கள் தலையில் முட்டுகின்றன என்று மரவேலை செய்த ஓடாவி சொன்னார், நான் ஊரில் இல்லாத இரண்டு நாளில் இரண்டை அறுத்தும் விட்டார். அந்த விட்டம் சும்மா இல்லை. கூரையின் பாரம் கைமரங்களை இரண்டு பக்கமும் வெளியே தள்ளும், ஏணியின் காலை வழுக்கும் தரையில் ஊன்றினால் அது விரிவதைப்போல. அந்த இரண்டு காலையும் இழுத்துப் பிடிக்கும் கயிறுதான் குறுக்கு விட்டம். மூன்று மாதம் கழித்து வெளியே ஏணி வைத்துப் பார்த்தபோது கைமரம் குந்தும் சுவர் வளை அரை அங்குலம் வெளியே நகர்ந்திருந்தது, அதற்குக் கீழே பூச்சில் விரல் நகம் நுழையும் அளவுக்குப் படுக்கையான வெடிப்பு. இரும்புக் கம்பி போட்டு முறுக்கி நிறுத்தினோம், பிள்ளையை அந்த அறையிலிருந்து இறக்கிவிட்டுத்தான். உங்கள் வீட்டில் விட்டம் இடைஞ்சல் என்றால் அறுப்பதற்கு முன் ஒரு சிவில் பொறியியலாளரிடம் காட்டுங்கள், அவர் வேறு இடத்தில் கட்டு கொடுத்துவிட்டு இதை எடுக்கச் சொல்வார்.

இன்னும் ஒன்று, சீலிங்கைத் தாங்கும் 4 × 2 மரத்தின் மேல் பலகை அடித்துத் தளமாக்க வேண்டாம். அது சீலிங்கையும் எப்போதாவது ஏறும் ஓர் ஆளையும் தாங்கப் போட்டது. கட்டில், அலமாரி, நாலு பேர் என்றால் சதுர மீற்றருக்கு 150 கிலோ என்றுதான் கணக்குப் பார்க்க வேண்டும். 12 அடி தூரத்துக்கு 8 × 2 மரம், 16 அங்குலத்துக்கு ஒன்றாக, சுவரிலிருந்து சுவருக்கு, பழைய சீலிங் மரத்தைத் தொடாமல்.

வெக்கைக்கு வருகிறேன். ஜூலை மாதத்தில் ஒருநாள் பின்னேரம் 2 மணிக்கு, படலம் போடுவதற்கு முன், எங்கள் பரணில் வெப்பமானி 42 காட்டியது, கீழே ஹோலில் 33. படலமும் போட்டு, இரண்டு பக்க முக்கோணச் சுவரிலும் ஜன்னல் வைத்து, முகட்டில் காற்றுப் போக வழி விட்ட பிறகு அதே காலத்தில் 36, 37. அதாவது பகலில் படிக்கக்கூடிய அறை அல்ல, இரவு எட்டு மணிக்குப் பிறகு நல்ல அறை, நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை வீட்டிலேயே சுகமான அறை. உயரம் இல்லாததால் சீலிங் விசிறி மாட்ட முடியாது, சுவர் விசிறிதான். குளிரூட்டி பூட்டலாம் என்பீர்கள், பூட்டலாம், ஆனால் மின்கட்டணம் அலகு கூடக் கூடப் படிப்படியாய் விலை ஏறும் கட்டணம், கீழ் வீடு பாவிப்பதற்கு மேல் கூடும் அலகெல்லாம் மேல்படி விலைக்குப் போய்விடும்.

ஜன்னல் கிழக்கில் என்றால் இரண்டு அடியாவது மழைத்தடுப்பு வேண்டும், மேற்கில் என்றால் பின்னேர வெயிலும் கச்சான் புழுதியும் வரும். ஒன்றை மட்டும் வைத்தால் காற்று வராது, ஆகவே இரண்டும் வைத்து இரண்டுக்கும் உரிய காவலையும் செய்ய வேண்டும். தீப்பிடித்தால் படிக்கட்டு ஒன்றுதான் வழி என்றால் அது ஆபத்து, ஒரு ஜன்னலாவது ஆள் வெளியே வரும் அளவில், நிரந்தரக் கம்பி இல்லாமல் இருக்கட்டும். அணிலும் எலியும் கடித்த பழைய வயரை அப்படியே பலகைக்குக் கீழே மூடிவிடாதீர்கள், முழுவதையும் புதிதாய் இழுத்துவிடுங்கள். குரங்கு வரும் வளவு என்றால் ஓடு நகர்ந்துகொண்டே இருக்கும், முன்பு ஒழுகினால் சீலிங்தான் நனைந்தது, இனி கட்டில் நனையும்.

படிக்கட்டு: தளத்துக்குத் தளம் 10 அடி என்றால் 7 அங்குலப் படி 17 வரும், நேராக இறக்கினால் 13 அடிக்கு மேல் நீளம். மூன்றடி அகலம் வைத்தால் 40 சதுர அடி கீழே போய்விடும், சின்ன அறையில் அரைவாசி. அதுவும் ஏறி முடியும் இடம் முகட்டுக்கு நேர் கீழே வர வேண்டும், இல்லாவிட்டால் கடைசிப் படியில் தலை இடிக்கும். ஆகவே படி எங்கே வரும் என்பதை நீங்கள் தீர்மானிப்பதில்லை, கூரை தீர்மானிக்கும்.

கூரை அஸ்பெஸ்டஸ் சீட் என்றால் பரண் அறை வேண்டாம், இது என் உறுதியான அபிப்பிராயம். அறுத்தாலும் துளைத்தாலும் உடைத்தாலும் நார் பறக்கும், எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது, அதற்கு இரண்டு அடி கீழே பிள்ளையைப் படுக்க வைக்கலாமா?

சரி, அப்படியானால் யாருக்கு இது நல்லது? ஓட்டுக் கூரை, 40 பாகைக்குக் குறையாத சாய்வு, காணியில் வேறு இடமே இல்லை, இரவில் மட்டும் பாவிக்கும் அறை. ஓர்ஸ்ஹில் பக்கம் பாறை மேட்டில் நெருக்கமாய்க் கட்டிய பழைய வீடுகளில் சிலதுக்கும், நகருக்குள் சுவரோடு சுவர் சேர்ந்த பழைய வீடுகளுக்கும் இது பொருந்துகிறது.

## சுவரை உயர்த்தி, கூரையைத் தூக்குவது

பலருக்கு இந்த வழி இருப்பதே தெரியாது. பழைய கூரையைக் கழற்றி, சுவரின் மேல் சுற்றிவர ஒரு கொங்கிறீட் பட்டி போட்டு, 4 அடி உயர்த்தி, மேலே திரும்பக் கூரை போடுவது. மேலே உள்ள அட்டவணையில் 27 பாகைக் கூரையில் ஒன்றுமே தேறவில்லை அல்லவா, 4 அடி உயர்த்தினால் அதே கூரையில் 5 அடிக்கு மேல் உயரமுள்ள இடம் 16 அடி அகலம் வரும். நாலு அடிச் சுவர் வித்தை செய்கிறது. தளம் இரும்பு வளையும் பலகையும், அல்லது சீமெந்துப் பலகை, ஆகவே கொங்கிறீட் சிலாப்பின் பாரம் இல்லை.

மறைந்த செலவு கூரையில்தான். கழற்றும்போது ஓடு உடையும், பழைய ஓட்டின் அச்சில் இன்று ஓடு கிடைக்காது, நூறு ஓடு குறைந்ததற்காக முழுவதையும் மாற்றியவர்கள் இருக்கிறார்கள். சரி, தகரம் போடுவோம் என்றால் தகரம் இலேசு, காற்றுக்கு இலேசு என்பது நல்ல குணமல்ல. 1964 டிசம்பரில் அடித்த சூறாவளியைப் பற்றி ஊரில் வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள், 2020 டிசம்பரில் புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரை ஏறிய இரவு நாங்கள் எல்லோரும் விழித்திருந்தோம். உயர்த்திய கூரை இன்னும் கூடக் காற்றை வாங்கும். ஒவ்வொரு கைமரத்தையும் அந்தக் கொங்கிறீட் பட்டிக்குள் புதைத்த தகட்டுப் பட்டியால் கட்ட வேண்டும், ஆணி மட்டும் அடித்துவிட்டு இறங்க விடாதீர்கள். கடலுக்குக் கிட்ட என்றால் ஆணியும் திருகும் தகட்டுப் பட்டியும் நல்ல துத்தநாகப் பூச்சு உள்ளவையாக இருக்கட்டும், சாதாரண ஆணி சில வருடத்தில் தலை கழன்று வரும். தகரத்துக்குக் கீழே வெப்பத் தடுப்பு இல்லாவிட்டால் பகலில் இருக்க முடியாது, மழை பெய்தால் பக்கத்தில் பேசுவது கேட்காது.

சுவர் நல்ல நிலையில், அத்திவாரம் கருங்கல்லில், ஆனால் சிலாப் போடும் வசதி இல்லை, கூரையை எப்படியும் மாற்றவேண்டிய காலம் வந்துவிட்டது, மரமெல்லாம் கறையான் பிடித்துவிட்டது என்றால் இதைத்தான் சொல்வேன்.

## சிலாப் போட்டு மேல்மாடி எடுப்பது

ஆசைக்குரிய வழி. நிமிர்ந்த சுவர், முழு உயரம், தனிக் குளியலறை, தண்ணீர்த் தாங்கியையும் மேலே ஏற்றலாம். பாரத்தை மட்டும் ஒருமுறை கணக்குப் பாருங்கள். 20 அடிக்கு 24 அடி, 5 அங்குலச் சிலாப் என்றால் 200 கன அடி கொங்கிறீட், 100 கன அடி ஒரு கியூப் என்ற கணக்கில் 2 கியூப். எடை 13 தொன்னுக்கு மேல். அந்த இடத்தில் இருந்த ஓட்டுக் கூரையின் ஓடு முழுவதும் சேர்த்து 2 தொன் அளவுதான். சிலாப்புக்கு மேல் இன்னும் சுவர், கூரை, ஆட்கள், 1,000 லீற்றர் தாங்கி என்றால் அது மட்டும் ஒரு தொன். 6 அங்குலச் சீமெந்துக் கல்லால் தூண் இல்லாமல் கட்டிய வீடு இதைத் தாங்கும் என்று வெறும் வாயால் சொல்லும் எவரையும் நம்ப வேண்டாம். அத்திவாரத்தின் பக்கத்தில் மூன்றடி தோண்டி, என்ன கல், எவ்வளவு அகலம், கீழே என்ன மண் என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும். உப்புவெளி, நிலாவெளியில் மணல், ஓர்ஸ்ஹில்லில் பாறை, தம்பலகாமம் வயல் பக்கம் களி. ஒரே படத்தை மூன்று இடத்திலும் கட்ட முடியாது. பழைய வீடு தாங்காது என்றால் வெளியே தனித் தூண் எழுப்பி அதன்மேல் சிலாப்பை ஏற்றலாம், அப்போது நீங்கள் உண்மையில் இன்னொரு வீட்டைத்தான் கட்டுகிறீர்கள்.

மணலை விசாரியுங்கள். ஆற்று மணல் விலை ஏறும்போது கடல் மணலைக் கலந்து தருபவர்கள் உண்டு, அதிலுள்ள உப்பு உள்ளே இருந்தே கம்பியைத் தின்னும். வெளியே கடல் காற்று, உள்ளே உப்பு மணல் என்றால் பத்து வருடத்தில் சிலாப்பின் அடிப்பக்கம் வெடித்துச் செதிள் விழும், துரு பிடித்த கம்பி வெளியே தெரியும். அப்படியான சிலாப்புகளை டச்சுக்குடாப் பக்கம் நடந்தாலே பார்க்கலாம். கம்பிக்கும் அச்சுப் பலகைக்கும் நடுவில் கட்டைக்கல் வைத்து இடைவெளி சரியாய் இருக்கிறதா என்று கொங்கிறீட் கொட்டும் அன்று காலையில் நீங்களே குனிந்து பாருங்கள்.

"இப்ப சிலாப்பைப் போட்டு வைப்போம், மேலே பிறகு கட்டுவோம்" என்பது இந்த ஊரில் எனக்கு மிகவும் மனவருத்தம் தரும் வசனம். கூரை இல்லாத வெறும் சிலாப் பகல் முழுவதும் வெயிலைக் குடித்து வைத்திருந்து இரவு முழுவதும் கீழே விடும், ஓட்டு வீட்டில் நிம்மதியாய்ப் படுத்தவர்கள் வெளி விறாந்தையில் பாய் போடத் தொடங்குவார்கள். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தூண் கம்பி உப்புக் காற்றில் துருப்பிடித்து மெலியும், ஆறு வருடம் கழித்துக் கட்ட வந்தால் அந்தக் கம்பியை நம்ப முடியாது. தண்ணீர் தேங்கி ஒழுகும். இரண்டு வருடத்துக்குள் மேலே கூரை ஏற்றக் காசு இருந்தால் தொடங்குங்கள், இல்லையென்றால் தொடங்க வேண்டாம்.

இன்னொரு மறைந்த செலவு, குடியிருப்பு. கூரையைக் கழற்றி, அச்சு அடித்து, கம்பி கட்டி, கொட்டி, முட்டுக்கட்டை எடுக்க இரண்டு மூன்று கிழமை, பிறகு பூச்சு. நாலைந்து மாதம் வாடகை வீடு. அதையும் கணக்கில் எழுதுங்கள்.

ஆனாலும் இதைத்தான் செய்ய வேண்டிய வீடுகள் உண்டு. எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குப் போகும் வழக்கம். இரண்டு பெண் பிள்ளைகள், ஒரு துண்டுக் காணி என்றால் கீழ் வீடு மூத்தவளுக்கு, மேல் வீடு இளையவளுக்கு என்று தாய் தகப்பன் நினைப்பது நியாயம், அதற்கு வேறு வழியே இல்லை. அப்படி என்றால் படிக்கட்டை வெளியே வையுங்கள், மின்மானியையும் தண்ணீரையும் இப்போதே பிரியுங்கள். மேல்மாடிக்குத் தனி உறுதி எழுதச் சாதாரணக் காணி உறுதி போதாது, 1973ஆம் ஆண்டின் மாடிமனைச் சட்டத்தின்கீழ் கூட்டாதனப் படம், அதாவது எந்த மாடி எவருடைய தனி உரிமை என்று காட்டும் படம், வரைந்து பதிய வேண்டும். கலியாணத்துக்கு முதல் வாரம் நொத்தாரிசிடம் ஓடாமல், படம் வரைய முன்னமே ஒருமுறை போய்க் கேளுங்கள்.

## பக்கத்தில் ஓர் அறை இறக்குவது

10 பேர்ச் காணி என்பது 2,722 சதுர அடி. அதில் 10 × 12 அறைக்கு 120 சதுர அடி போகும். படிக்கட்டு வேண்டாம், பழைய கூரையைத் தொட வேண்டாம், வயதான அம்மாவும் அந்த அறையில் இருக்கலாம், குடும்பம் வீட்டை விட்டுப் போக வேண்டாம், வேலை இடையில் நின்றாலும் வீடு வீடாகவே இருக்கும். வெக்கையிலும் இதுதான் முதல் இடம், ஏனென்றால் ஒன்பது பத்து அடி உயரத்தில் சீலிங் அடிக்கலாம், விசிறி மாட்டலாம், மாமர நிழல் கிடைத்தால் இன்னும் நல்லது.

பிழை விடும் இடங்கள் மூன்று. பழைய கூரையின் இறவாணத்திலிருந்து அப்படியே பத்தி இறக்கினால் 12 அடியில் நாலு அடிக்கு மேல் பதிந்துவிடும், அந்தப் பக்கச் சுவர் நெஞ்சளவுக்கு வந்து நிற்கும். தனிக் கூரையாகத் திருப்பிப் போட்டால் இரண்டு கூரைக்கும் நடுவே பீலி வரும், மாரி காலத்தில் மாவிலை அடைத்து ஒழுகுவது அந்தப் பீலிதான், அகலமாய்ப் போட்டு, துப்புரவாக்க ஏணி வைக்க இடம் விடுங்கள். அடுத்தது, புது அத்திவாரம் பழையதைவிடப் பிந்தி இறங்கும், ஆகவே புதுச் சுவரைப் பழைய சுவருக்குள் கடித்துக் கட்டாமல் அரை அங்குலம் விட்டுப் பொருத்தினால் வெடிப்பு வராது. மூன்றாவதைத்தான் எவரும் யோசிப்பதில்லை: புது அறை பழைய அறையின் ஜன்னலை அடைத்துவிடும். ஓர் அறை கிடைத்தது, ஓர் அறை இருண்டது. இரண்டு சுவருக்கும் இடையில் நாலு அடி முற்றம் விட முடியுமா என்று பாருங்கள், முடியாவிட்டால் பழைய அறைக் கூரையில் இரண்டு கண்ணாடி ஓடு.

மலக்குழியின் மேலே கட்டாதீர்கள், குழி நிரம்பினால் வண்டிக் குழாய் வர வழியில்லாமல் போகும். கிணற்றுக்கும் குழிக்கும் உள்ள தூரத்தைக் குறைக்காதீர்கள், மணல் நிலத்தில் தண்ணீர் வேகமாய்க் கலக்கும்.

## அனுமதி

நான்கு வழிக்கும் வேண்டும். உள்ளே தளம் போடுவதற்கு யார் கேட்கப்போகிறார்கள் என்று பரண்காரர்கள் சொல்வார்கள். அன்றைக்கு எவரும் கேட்பதில்லை, வங்கிக் கடன் எடுக்கும்போதும் வீடு விற்கும்போதும் கேட்பார்கள். உங்கள் உள்ளூராட்சி சபையில் படத்தைக் கொடுத்து, எல்லையில் எவ்வளவு விட வேண்டும், அறைக்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து 300 மீற்றருக்குள் இருக்கும் காணி கரையோர வலயம், கரையோரம் பேணும் திணைக்களத்தின் அனுமதி பற்றியும் சபையிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். உப்புவெளி, திருக்கடலூர், நிலாவெளி ஆட்களுக்கு இது அநேகமாய் வரும்.

## காசு

ஒரு சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்லும் கணக்கை நான் தருவதில்லை, சீமெந்து விலையும் கம்பி விலையும் மாதத்துக்கு மாதம் மாறுகிற நாட்டில் அது ஏமாற்று. ஆனால் வரிசை மாறுவதில்லை. சிலாப் எல்லாவற்றையும்விடக் கூட, அதற்குக் கீழே கூரையைத் தூக்குவது. பரணும் பக்க அறையும் கிட்டக் கிட்ட வரும், பலர் நினைப்பதுபோலப் பரண் மலிவல்ல. மரம், படலம், படி, வயர், இரண்டு ஜன்னல், ஓடு திரும்ப வேய்தல் எல்லாம் கூட்டிவிட்டு, நிமிர்ந்து நடக்கக்கூடிய இடத்தால் மட்டும் பிரித்துப் பாருங்கள். எங்கள் வீட்டுக் கணக்கை அப்படிப் பிரித்தபோது பக்க அறையைவிடக் கூட வந்தது.

## எப்போது தொடங்குவது

ஓடு கழற்றும் வேலை என்றால் மே மாதம் தொடங்கி செப்டெம்பர் முடிவதற்குள் கூரை மூடியிருக்க வேண்டும். ஒக்டோபரில் பின்னேர இடிமழை தொடங்கிவிடும், நவம்பர், டிசம்பரில் திறந்த கூரையோடு நின்றால் கீழே இருக்கும் அத்தனையும் போகும். பக்க அறைக்கு அவ்வளவு அவசரம் இல்லை, அத்திவாரம் மட்டும் மாரிக்கு முன் மேலே வந்துவிடட்டும், மணலில் தோண்டிய குழி மழைக்குச் சரிந்துவிடும்.

அக்கா வீட்டுக் கூரை 28 பாகை. ஏணி வைத்து மேலே ஏறிப் பார்க்கச் சொன்னேன், பகல் 2 மணிக்கு. ஐந்து நிமிடத்தில் இறங்கி வந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதுக்குள்ள பிள்ளையை விடேலாது தம்பி" என்றா. இப்போது வடக்குப் பக்கத்தில் 10 × 12 அறைக்குக் கயிறு பிடித்திருக்கிறோம், ஹோல் ஜன்னலுக்கும் அதற்கும் இடையில் நாலு அடி விட்டு, மாமரத்தின் ஒரு கொப்பை மட்டும் வெட்டி. மகள் மேசை எந்தச் சுவரோடு வரும் என்று கேட்டு, சுண்ணாம்பால் தரையில் தானே கோடு போட்டுவிட்டாள். ஜன்னலை அந்தக் கோட்டுக்கு நேரே வைத்துத்தான் படத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.